ஈகோசான் கக்கூஸ் கட்டலாமா? தொட்டியம் பக்கத்திலிருந்து ஒரு விமர்சனம்

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். ஈகோசான் என்பது மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியாகப் பிரித்து, தண்ணீர் ஊற்றாமல் சாம்பல் போட்டு, மலத்தைத் தரைக்கு மேலே ஓர் அறையில் காயவைக்கிற கழிப்பறை. வீட்டைச் சுற்றிக் கொஞ்சமாவது தோட்டம் இருக்கிறது, சாம்பல் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும், அறை நிரம்பித் திறக்க வேண்டிய நாளில் வீட்டு ஆளே மண்வெட்டியைக் கையில் எடுப்பார் என்றால் ஈகோசான் கழிப்பறையைத் தாராளமாகக் கட்டலாம். கடைசியாகச் சொன்னது இல்லையென்றால், மற்ற இரண்டும் இருந்தாலும் வேண்டாம். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் நான்கு கொடுப்பேன். பிடித்துவைத்த ஒன்று எதற்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வீடு திருச்சி மாவட்டத்தில், முசிறிக்கும் தொட்டியத்துக்கும் இடையில், காவிரியின் வடகரையில், வாழைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. இந்தப் பக்கம் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும், ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். ஊரில் எல்லாரும் செய்வதுபோல உறை இறக்கிக் குழி எடுத்தால் அந்த மாதங்களில் குழிக்குள் ஊற்று புகுந்துவிடும், ஊற்றுகிற தண்ணீர் இறங்காமல் கோப்பையிலேயே நிற்கும். அதைவிட மோசம், குழியில் இருப்பது கடைசியில் போய்ச் சேருகிற இடம் நாம் குடிக்கிற கிணறுதான். ஒரு குழி நிரம்பினால் அடுத்த குழிக்கு மாறிக்கொள்கிற இரட்டைக் குழிக் கழிப்பறை நல்ல ஏற்பாடு, தூய்மை இந்தியா திட்டத்தில் அரசு பரிந்துரைப்பதும் அதைத்தான், ஆனால் குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் 2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறார்கள். ஆற்றங்கரையில் 2 மீட்டருக்கு எங்கே போவது? செப்டிக் டேங்க் கட்டினால் சில வருடத்துக்கு ஒருமுறை லாரியைக் கூப்பிட வேண்டும், அந்த லாரி உறிஞ்சியதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஈகோசானுக்கு எங்கள் வட்டாரம் புதுசு கிடையாது. முசிறியில் ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனம் இருபது வருடத்துக்கு முன்பிருந்தே இதைக் கட்டிக்கொடுத்து வருகிறது, அதை நிறுவிய சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கூடக் கொடுத்தார்கள். முசிறியில் அவர்கள் நடத்திய பொதுக் கழிப்பறை 2008 வாக்கில் வெளிநாட்டுப் பத்திரிகை வரை போனது. மற்ற ஊரில் கட்டணக் கழிப்பறைக்கு நாம் காசு கொடுப்போம், அங்கே உள்ளே போய் வந்தவருக்கு ஒரு தடவைக்கு 10 காசு கொடுத்தார்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரைப் பக்கமும் இந்த வகைக் கழிப்பறைகள் வந்தன, அங்கேயும் அதே நிலத்தடி நீர்ப் பிரச்சினைதான். ஆக நான் ஏதோ வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கிளம்பிய ஆள் இல்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஊர்க் கொத்தனார் கட்டியது.

தெரியாதவர்களுக்காக அமைப்பைச் சொல்கிறேன். பள்ளம் தோண்டுவதே கிடையாது. தரைக்கு மேலே ஹாலோ பிளாக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை, அதன்மேல் தளம், தளத்தின்மேல் கழிப்பறை. ஏறிப்போகப் படி. ஒவ்வொரு அறைக்கும் மேலே ஒரு கோப்பை. கோப்பையின் முன்பக்கம் சிறுநீர் விழும் குழிவு, அதிலிருந்து ஒரு சின்னக் குழாய் வெளியே இருக்கும் கேனுக்குப் போகிறது. பின்பக்கம் மலம் விழ அகலமான ஓட்டை, அதற்கு ஒரு மூடி. இரண்டு கோப்பைக்கும் நடுவில் கழுவிக்கொள்ளும் இடம், அந்தத் தண்ணீர் தனிக் குழாயில் வெளியே கல்வாழைப் பாத்திக்குப் போகும். ஒரு நேரத்தில் ஒரு அறைதான் பயன்பாட்டில் இருக்கும். அது நிரம்பியதும் மேலே கோப்பையை மூடிவிட்டு அடுத்ததற்கு மாறிவிட வேண்டும், மூடிய அறை அப்படியே கிடந்து காய வேண்டும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, நுண்ணுயிர்ப் பொடி வாங்குங்கள் என்று யாரும் தலையில் கட்டவும் முடியாது.

பயன்படுத்தும்போது என்ன வித்தியாசம் என்றால், போன இடத்திலேயே கழுவக்கூடாது. முடித்ததும் அப்படியே உட்கார்ந்தவாக்கில் நகர்ந்து நடுவில் இருக்கிற இடத்துக்கு வந்து கழுவ வேண்டும், அப்புறம் ஓட்டைக்குள் கொட்டாங்குச்சியால் சாம்பல் அள்ளிப் போட்டு மூடியை வைக்க வேண்டும். நம் ஆட்களுக்குப் பழக்கமாகிற வரை இந்த நகர்தல்தான் பெரிய தலைவலி. வீட்டு ஆட்களுக்கு ஒரு வாரத்தில் கை வந்துவிட்டது, பிள்ளைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். விருந்தாளிகள் கதை வேறு. பொங்கலுக்கு வந்த அத்தை ஒருவர் 'என்னடா இது, தண்ணியே ஊத்தக்கூடாதா, நாறிப்போயிடாதா' என்று அங்கலாய்த்துவிட்டு, சுத்தமாக வைக்கிறேன் பேர்வழி என்று ஒரு வாளித் தண்ணீரை ஓட்டைக்குள்ளேயே கவிழ்த்துவிட்டார். ஒரு வாளிதான். அறை அன்று சாயங்காலமே நாற ஆரம்பித்தது, மறுநாள் புழு. இரண்டு பாண்டு சாம்பலும் மரத்தூளும் கொட்டி, பின்பக்கக் கதவை நகர்த்திக் காற்றுவிட்டு, ஒருவழியாக அடங்கியது. இப்போதெல்லாம் விசேஷம் என்றால் ஓட்டை மூடியின்மேல் 'தண்ணீர் ஊற்றாதீர்கள்' என்று எழுதி ஒட்டிவிடுகிறோம், அத்தைக்கு மட்டும் பக்கத்திலேயே நின்று ஞாபகப்படுத்துகிறோம்.

நாற்றம் வருமா என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. ஒழுங்காகப் பயன்படுத்தினால் வராது, நிஜமாகவே வராது. மலமும் சிறுநீரும் தண்ணீரும் ஒன்றாகக் கலக்கும்போதுதான் அந்தக் கக்கூஸ் நாற்றம் கிளம்புகிறது. பிரித்துவிட்டால் மலம் சாம்பலுக்குள் புதைந்து காய்கிறது, அவ்வளவே. எங்கள் வீட்டில் நாற்றம் வருகிற ஒரே இடம் சிறுநீர்க் குழாய், அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறைக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்வருகிற நாம் இதைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சாம்பல் விஷயத்தில் விவரம் தெரிந்து இறங்குங்கள். ஊரெல்லாம் கேஸ் அடுப்பு வந்துவிட்டது, விறகுச் சாம்பலுக்கு டீக்கடையையும் வெந்நீர் அடுப்பையும் நம்ப வேண்டியிருக்கிறது. அரிசி மில்லில் உமிச் சாம்பல் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், சும்மாவே கொடுப்பார்கள், ஆனால் அது பெரும்பாலும் சிலிக்கா. ஈரத்தை உறிஞ்சும், விறகுச் சாம்பல் அளவுக்குக் காரத்தன்மை கிடையாது. கிருமியைக் கொல்கிற வேலையைப் பார்ப்பது அந்தக் காரத்தன்மைதான், காரத்தை அளக்கிற பிஎச் எண் 9-க்கு மேலே நிற்க வேண்டும். அதனால் உமிச் சாம்பலில் சுண்ணாம்புத் தூளைக் கலந்து வைக்கிறோம். உமிச் சாம்பல் லேசு வேறு, காற்றடித்தால் மூஞ்சியெல்லாம் கறுப்பாகும், சுண்ணாம்பு கலந்திருந்தால் கண்ணில் பட்டு எரியும். மூடி உள்ள டிரம்மில் வையுங்கள்.

இன்னொன்று. இதைக் 'கம்போஸ்ட் டாய்லெட்' என்று சொல்லி விற்கிறார்கள். சாம்பல் போடுகிற இந்த வகையில் அறைக்குள் நடப்பது பெரும்பாலும் காய்தல்தான், மட்குதல் ரொம்பக் குறைவு, ஏனென்றால் மட்க வைக்கிற உயிர்களுக்கும் அந்தக் காரம் ஆகாது. வெளியே எடுத்த பிறகு இலைதழை, சாணத்தோடு குழியில் போட்டு ஒரு சுற்று மட்கவிட்டால்தான் அது உரம். மரத்தூள், தென்னை நார்த்தூள் போட்டு நிஜமாகவே மட்கவைக்கும் வகை வேறு, அதற்கு வருகிறேன்.

சரி, சிறுநீர். உரம் என்று பார்த்தால் சரக்கு இதில்தான் இருக்கிறது. நம் உடம்பிலிருந்து வெளியேறும் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பங்கு சிறுநீரில்தான் போகிறது, மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) கூட பாதிக்குக் குறையாமல் அதில் இருக்கின்றன. ஆளுக்கு வருடத்துக்குச் சாப்பாட்டைப் பொறுத்து 2 முதல் 4 கிலோ வரை தழைச்சத்து. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 10 முதல் 20 கிலோ. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. ஆகமொத்தம் ஒரு குடும்பமே வருடம் முழுக்கச் சேர்த்தாலும் அரை மூட்டையிலிருந்து ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம், அதிலும் அம்மோனியாவாகக் காற்றில் போவதைக் கழிக்க வேண்டும். மானிய விலையில் ஒரு மூட்டை யூரியா முந்நூறு ரூபாய்க்குள். ஆகவே 'உரச் செலவு மிச்சம், போட்ட காசு திரும்ப வந்துவிடும்' என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். காசுக்காகக் கட்டுகிற சாமான் கிடையாது இது. கிணறு கெடாமல் இருப்பது, கோடையில் கக்கூஸுக்கு ஊற்றுகிற தண்ணீர் மிச்சமாவது, லாரியைக் கூப்பிடாமல் இருப்பது, இதெல்லாம்தான் லாபம். உரம் கூடவே வருகிற கொசுறு.

பயன்படுத்துவது சுலபம். கேனை இறுக மூடி வைத்தால் புதுச் சிறுநீர் தானாகவே காரமாக மாறி அதிலிருக்கும் கிருமிகளைக் கொன்றுவிடும். சொந்த வீட்டுத் தோட்டத்துக்கு என்றால் ஒரு மாதம் வைத்திருந்தால் போதும். வெளியாருக்கு விற்கிற பயிருக்கு என்றால் ஆறு மாதம் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் வருட வழிகாட்டி. நாங்கள் வாழை வியாபாரிக்குப் போகிற மரங்களுக்கு விடுவதில்லை, வீட்டுக்கு வைத்திருக்கும் பூவன் கட்டைக்கும் தென்னைக்கும்தான். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, தூரைச் சுற்றி வட்டமாகக் கீறிவிட்டு ஊற்றி, உடனே மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டால் தழைச்சத்து காற்றோடு போகும், பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார். கீரைப் பாத்திக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் நான் விடுவதே இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிடுகிற ஆள் வீட்டில் இருந்தால் அந்த நாட்களில் கேனைத் தென்னைக்கு மட்டும் திருப்பிவிடுகிறோம். விட்ட வாழையின் இலை கரும்பச்சையாக நிற்பதை யாரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், அதற்கு ஆராய்ச்சி வேண்டாம்.

தொந்தரவு அந்தக் குழாய்தான். சிறுநீரில் உள்ள உப்பு உள்ளே படிந்து படிந்து, சிமென்ட் மாதிரி இறுகிவிடுகிறது. எங்கள் கொத்தனார் ஏசி தண்ணீர் வடிகிற அளவு மெல்லிய குழாயைப் போட்டு, அதையும் சரிவு இல்லாமல் படுக்கவைத்துவிட்டுப் போய்விட்டார். சில மாதத்தில் அடைத்து, கோப்பையின் முன்குழிவில் தேங்கி, அது நிரம்பிப் பின்னால் வழிந்து, உள்ளே ஈரமாகி... அந்த வாரம் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் அகலமான பிவிசி குழாய் போட்டு நல்ல சரிவு கொடுத்தோம். இப்போது அவ்வப்போது வெந்நீரும் வினிகரும் ஊற்றினால் போதும். இரும்பு, பித்தளை எதையும் அந்தப் பாதையில் வைக்காதீர்கள், அரித்துவிடும். குழாயின் முனை கேனின் அடிவரை இறங்கி இருக்க வேண்டும், மேலேயிருந்து சொட்டினால் நாற்றமும் வரும், சத்தும் போகும்.

இனி திறப்பு விழா. ஒரு அறை நிரம்ப எங்கள் வீட்டு அளவுக்கு ஒரு வருடத்துக்குப் பக்கமாகிறது, அப்புறம் அது மூடிக் கிடக்கும் காலமும் அதே அளவு. கார சாம்பல் போட்டு வந்தால் ஆறு மாதம் போதும் என்பார்கள், நம் ஊர் வெயிலுக்கு ஒரு வருடம் கிடந்தால் வயிற்றில் வளர்கிற நாக்குப்பூச்சியின் முட்டையைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். எல்லாக் கிருமியும் செத்த பிறகும் தாக்குப்பிடிப்பது அந்த முட்டைதான். பின்பக்கம் கதவாக வைத்திருந்த கடப்பா கல்லை நகர்த்தியபோது எனக்கே வயிற்றைப் பிசைந்தது, பொய் சொல்ல மாட்டேன். உள்ளே இருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. நடுவில், ஓட்டைக்கு நேர் கீழே, கூம்பாக நின்றது, ஓரமெல்லாம் வெறும் சாம்பல். மண்வெட்டி வைத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது, சில கட்டிகள் மட்டும் தட்டினால் உடைகிற அளவு இறுக்கம். தேங்காய் நார் போல ஏதோ ஒன்று, பிள்ளைகள் போட்ட ஒரு பிளாஸ்டிக் பொம்மைக் கால். வாசம்? பழைய பரணைத் திறந்தால் வருமே, அந்தத் தூசி வாசம். கையுறை, முகத்துணி, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டுதான் அள்ளினேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஒரு வருடச் சரக்கு சில பாண்டுகளில் முடிந்துவிட்டது. மலத்தில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான் என்று படித்திருந்தாலும் கண்ணால் பார்க்கும்போதுதான் நம்ப முடிகிறது.

இங்கேதான் நான் முதலில் சொன்ன மண்வெட்டி விஷயம் வருகிறது. கட்டும்போதே தெருவில் ஒரு பெரியவர் கேட்டார், 'எடுப்புக் கக்கூஸைத்தான் ஒழிச்சாச்சே, நீங்க திரும்பக் கொண்டு வர்றீங்களா?' என்று. நியாயமான கேள்வி, கேட்க உரிமை உள்ளவர் கேட்ட கேள்வி. எடுப்புக் கக்கூஸில் தினமும் பச்சையாக அள்ளினார்கள், அள்ளியவர்கள் எந்தச் சாதி என்பது ஊருக்கே தெரியும். ஈகோசானில் ஒரு வருடம் மூடிக் காய்ந்ததை எடுக்கிறோம். கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் வருடச் சட்டமும் முழுதாக மட்காத மலத்தைப் பற்றித்தான் பேசுகிறது. சட்டப்படி வித்தியாசம் இருக்கிறது, சரி. ஆனால் அந்த நாள் வரும்போது வீட்டுக்காரர் மண்வெட்டியை எடுக்காமல், காலனியிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டு, கூலி கொடுத்து, தூரத்தில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை வாங்கினால், பழைய கொடுமைக்குப் புதுப் பெயர் வைத்த மாதிரிதானே? எங்கள் பக்கத்திலேயே அப்படி நடக்கிற வீடு எனக்குத் தெரியும். சிலர் அள்ள ஆள் கிடைக்காமல் இரண்டு அறையும் நிரம்பி, கதவைப் பூட்டிவிட்டு மறுபடி ஆற்றோரம் போகிறார்கள். கட்டிக்கொடுக்கிற ஆட்கள் மூடி, குழாய், சாம்பல் எல்லாவற்றையும் சொல்லித் தருகிறார்கள், யார் அள்ளுவது என்பதை மட்டும் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை. கட்டுவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து அந்த ஆளின் பெயரைச் சொல்லி முடிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் நானும் மகனும். மகளும் அடுத்த முறை வருகிறேன் என்றிருக்கிறாள், பார்ப்போம்.

வேறு என்ன கிடைக்கிறது என்று கேட்பவர்களுக்கு: சுவீடனின் செப்பரெட், அமெரிக்காவின் நேச்சர்ஸ் ஹெட் மாதிரி இறக்குமதிச் சாமான்கள் இருக்கின்றன. உட்கார்கிற வகை, சிறுநீரைப் பிரிக்கும், சின்ன விசிறி வைத்துக் காற்றை வெளியே தள்ளும். பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் காகிதத்தில் துடைக்கிறவர்களுக்காகச் செய்தது, கழுவுகிற நமக்கு அதில் இடமே கிடையாது. நேச்சர்ஸ் ஹெட்டில் போட அவர்கள் சொல்லும் சரக்குகளில் ஒன்று தென்னை நார்த்தூள், நம் பொள்ளாச்சியிலிருந்து கப்பலேறிப் போகிற அதே தூள். அதை அங்கே அனுப்பிவிட்டுப் பெட்டியை நாம் இங்கே இறக்குமதி செய்வதா? அப்புறம் வாளியில் மரத்தூள் போட்டு, நிரம்பியதும் தோட்டத்து உரக்குவியலில் கொட்டும் முறை. மலிவு, நன்றாகவும் மட்கும், ஆனால் பச்சையாகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும், குவியலைச் சூடு ஏற்றிப் பராமரிக்கத் தெரிய வேண்டும். தனியாள், பண்ணை வீடு என்றால் சரி, குடும்பத்துக்கு நான் சொல்ல மாட்டேன். நிலத்தடி நீர் ஆழத்தில் இருக்கிற ஊர்க்காரர்கள், பெரம்பலூர், புதுக்கோட்டைப் பக்கம் போல, பேசாமல் இரட்டைக் குழியைக் கட்டிக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீர் ஊற்றும் அத்தைகள் அங்கே பிரச்சினை இல்லை.

அந்த ஒரு நட்சத்திரம் படிக்கட்டுக்காக. அறைகள் தரைக்கு மேலே இருப்பதால் நாலைந்து படி ஏறியாக வேண்டும், ஏறிக் குந்தி உட்கார வேண்டும், உட்கார்ந்தவாக்கில் நகரவும் வேண்டும். முட்டி வலி உள்ள அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது. அவருக்காகப் பழைய கழிப்பறையையும் வைத்திருக்கிறோம், அதன் குழி மழைக்காலத்தில் இன்னும் அழிச்சாட்டியம் செய்கிறது. உட்காரும் வகையில் பிரித்தெடுக்கும் கோப்பையும் செய்கிறார்கள், ஆனால் கழுவ நகர்வது அதில் இன்னும் கஷ்டம். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரு நல்ல மாதிரியை யாராவது யோசித்தால் அந்த நட்சத்திரத்தையும் கொடுத்துவிடுகிறேன்.

செலவு, செப்டிக் டேங்கோடு கட்டுவதைவிடக் கொஞ்சம் குறைவு. மண் வெட்டுகிற வேலை இல்லாததால் கூலி மிச்சம், பூச்சுக்கு மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள், அறைக்குள் மழை கசிந்தால் எல்லாம் வீண். பின்பக்கக் கதவை மழை அடிக்காத திசையில் வைக்கச் சொல்லுங்கள். காற்றுக்குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றி முனையில் கொசுவலை கட்டச் சொல்லுங்கள். கோப்பை பீங்கானிலும் ஃபைபரிலும் வருகிறது, ஃபைபர் மலிவு, ஆனால் அதன் மூடி வெயிலிலும் சுண்ணாம்பிலும் வெடித்துவிடுகிறது. எனக்கு விற்ற கடைக்காரரிடம் மூடி மட்டும் கேட்டால் 'செட்டாத்தான் சார் வரும்' என்று கையை விரித்துவிட்டார். இப்போது அந்த ஓட்டையை மூடியிருப்பது ஒரு எவர்சில்வர் தாம்பாளம். வாங்கும்போதே மூடி இரண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.